வீடு துணை நின்றால்

 

பிள்ளைகளின் விளையாட்டு ஆர்வத்திற்கு வீடு செய்யவேண்டியது யாது எனப் பேசப் பணித்தீர்கள். வந்தனா கட்டாரியாவின் இல்லத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

ஹரித்துவாரை அடுத்த ரோஷனாபாத் என்னும் சிற்றூரில், நம்மைப்போல் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை நாகர் சிங் பாரத மிகுமின் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். பெண்ணுக்கு ஹாக்கி மட்டை எதற்கு என்று ஊரார் ஏசியபோது, தந்தை மகளின் பக்கமே நின்றார். 2021 மே மாதத்தில் அவர் காலமானார்; பயிற்சி முகாமிலிருந்த மகளால் வர இயலவில்லை. இரண்டே மாதத்தில், ஜூலை 31 அன்று, டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவிற்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் அச்சாதனை புரிந்த முதல் இந்தியப் பெண்மணி அவரே! நான்கு நாள் கழித்து அரையிறுதியில் இந்தியா தோற்றது. உடனே அவர் வீட்டின் முன் வெடி வெடித்து, சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினர். குடும்பத்தார் காவல்துறையில் புகார் கொடுத்தனர். நம் பிள்ளைகளுக்குப் பின்னால் வீடு எவ்வளவு உறுதியாக நிற்கவேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஒன்பதாம் வகுப்பை எட்டியதும் பெண்பிள்ளைகள் பலர் மைதானத்திலிருந்து மறைந்துவிடுகின்றனர். தண்ணீர்க் குடம் அவர்களுக்கே என்று வீடு தீர்மானித்துவிடுகிறது. அண்ணன்மார் அக்குடத்தைத் தூக்கட்டும். (இளைஞர்கள் சிரிக்கிறீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன்.) விலையுயர்ந்த சத்துமாவு தேவையில்லை. கேழ்வரகுக் கூழ், ஊறவைத்த நிலக்கடலை, ஒரு முட்டை, இரவு 9 மணிக்கு உறக்கம். மாவட்டப் போட்டியன்று, ஒருநாள் கூலி போனாலும், பெற்றோரில் ஒருவர் உடன் செல்லுங்கள். பிள்ளை தோற்றுத் திரும்பும் மாலையில் முதலில் சோறிடுங்கள். மதிப்பெண் பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.