உள்ளூர்ச் சாலையில் ஓடும் பிள்ளைக்கு ஓரத்தில் ஒரு தாய் வேண்டும்

"விளையாட்டு வீரரை உருவாக்குவது பயிற்சியா? குடும்பமா?" என்ற தலைப்பிலான தொலைக்காட்சி உரையரங்கில், 'குடும்பமே' என்ற அணியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை இவ்வாரம் இடம்பெறுகிறது.



"உள்ளூர் மாடு விலை போகாது" என்று ஒரு பழமொழி உண்டு. சந்தைக்கு வெளியூரிலிருந்து வந்த மாட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு மாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மாட்டுக்குச் சொன்னது மனிதனுக்கும் பொருந்திவிட்டது. கோலாலம்பூரில் ஓடினால் பத்திரிகையில் படம் வரும். கம்போங் ராஜாவில் ஓடினால், "ஏன்டா, வேற வேலை இல்லையா?" என்று கேள்வி வரும். அந்தக் கேள்வியை முதலில் கேட்பது யார்? வீட்டில் இருப்பவர்கள்தான். இன்றைய தலைப்பு அங்கேதான் தொடங்குகிறது.

மலை தந்தது என்ன?

கேமரன் மலையின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது கம்போங் ராஜா. ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி வருகிறவர்களை வரவேற்கும் ஊர். ஒரு பக்கம் புளூ வேலி தோட்டம், இன்னொரு பக்கம் காய்கறித் தோட்டங்களும் பிளாஸ்டிக் கூரை போட்ட பூந்தோட்டங்களும். 1885-ல் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தார். 1929-ல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் கூடை சுமந்த தமிழர்கள் இந்தச் சரிவுகளைத் தினமும் ஏறி இறங்கினார்கள். விடியலில் பெரட்டுக்கு நின்று, பனி காயும் முன்பே கொழுந்துக்குப் போய், நிறுவைக்கு மேடேறி வந்த கால்கள் அவை. அந்தப் பாட்டிமார்களுக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை. ஆனால், அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கால்கள் சொத்தாக வந்திருக்கின்றன.

எதிரணி நண்பர் ஒருவர், "மலைக்காற்று மெல்லியது, அதனால்தான் அங்கே ஓட்டக்காரர்கள் உருவாகிறார்கள்" என்றார். அது முழுதும் சரியல்ல. கென்யாவின் ஓட்டக்காரர்கள் பயிற்சி செய்யும் இத்தேன் என்ற ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேமரன் மலை ஊர்களோ அதைவிட மிகத் தாழ்ந்தவை. கேமரன் மலை தருவது இரண்டு. ஒன்று, குளிர். நாட்டின் சமவெளியில் நெடுந்தொலைவு ஓடுகிறவனுக்கு முதல் எதிரி வெப்பம்தான். மலையில் அந்த எதிரி இல்லை. இரண்டாவது, மேடு. பள்ளிக்கூடம் போக மேடு, கடைக்குப் போக மேடு, கோயிலுக்குப் போக மேடு. பயிற்சியாளர் இல்லாமலேயே கிடைக்கும் பயிற்சி அது.

இதற்குச் சான்று வேண்டுமா? 1990-களில் மலேசியாவின் நெடுந்தொலைவு ஓட்டத்தை ஆண்ட எம். இராமச்சந்திரன் இந்தக் கேமரன் மலையின் பிள்ளை. தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றவர். 1994-ல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் 10,000 மீட்டரை 29 நிமிடம் 30.19 வினாடியில் ஓடி தேசியச் சாதனை படைத்தார். அந்தச் சாதனை கால் நூற்றாண்டுக்கு மேல் அசையாமல் நின்றது. அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. மலை அப்படியே இருக்கிறது, குளிரும் மேடும் அப்படியே இருக்கின்றன. அடுத்த இராமச்சந்திரன் எங்கே?

குடும்பப் போட்டியாகப் பிறந்த விளையாட்டு

இப்போது உலகமெங்கும் பரவியிருக்கும் டிரையத்லானைப் பாருங்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்றையும் இடைவிடாமல் செய்து முடிக்கவேண்டிய போட்டி. 2000-ம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் நுழைந்தது. அங்கே நீச்சல் ஒன்றரை கிலோமீட்டர், சைக்கிள் 40 கிலோமீட்டர், ஓட்டம் 10 கிலோமீட்டர். சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும்போது கால் இரண்டும் ஈயக்குண்டு கட்டியதுபோல் கனக்கும். பார்த்தால் பணக்காரர்களின் விளையாட்டு போலத் தெரியும். ஆனால் பிறந்தது எப்படி?

1974 செப்டம்பர் 25, அமெரிக்காவின் சான் டியாகோ நகரம். உள்ளூர் ஓட்டக் கழகம் ஒன்று மாலை நேரத்தில் ஒரு வேடிக்கைப் போட்டி வைத்தது. கலந்துகொண்டவர்கள் 46 பேர். இருட்டிவிட்டதால் கடைசியாக நீந்தியவர்களுக்குக் கார் விளக்கைப் போட்டு வெளிச்சம் காட்டினார்கள். அந்த 46 பேரில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் ஒருவர். அவர் தனியாக வரவில்லை. மனைவி ஜூடியும் பிள்ளைகளும் கூடவே போட்டியில் இறங்கினார்கள். பின்னர் இந்தக் கணவனும் மனைவியும்தான் ஹவாயில் 'அயர்ன்மேன்' போட்டியைத் தொடங்கினார்கள். 1978 பிப்ரவரி 18-ல் நடந்த முதல் அயர்ன்மேனில் புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். வழியில் தண்ணீர்ப் பந்தல் கிடையாது. ஒவ்வொரு வீரரும் தண்ணீர், சாப்பாடு கொடுக்கத் தன் ஆட்களைத் தானே அழைத்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. உறவும் நட்பும் வண்டியில் பின்னால் வந்தால்தான் போட்டியாளர் முன்னால் போக முடியும்!

கைதட்டல் மருந்து, அளவு மிஞ்சினால் விஷம்

நடுவர் அவர்களே, இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லவேண்டும். 1898-ல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்பவர் சைக்கிள் போட்டிகளைக் கவனித்தார். தனியாக ஓட்டுகிறவரைவிட, மற்றவரோடு சேர்ந்து ஓட்டுகிறவர் வேகமாகப் போவதைக் கண்டார். பிறகு 40 சிறுவர் சிறுமியரைத் தூண்டில் சக்கரம் சுற்ற வைத்துச் சோதித்தார். பக்கத்தில் இன்னொருவர் இருந்தபோது 20 பேர் வேகமானார்கள். 10 பேரிடம் மாற்றமில்லை. மீதி 10 பேரோ பதறிப்போய் மெதுவானார்கள்.

அந்தப் பத்துப் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. பக்கத்தில் ஆள் இருந்தாலே பதறும் பிள்ளை, வீட்டார் வந்து நின்று மிரட்டினால் என்ன ஆகும்? "தோத்துட்டு வீட்டுக்கு வராதே" என்று சொல்லி அனுப்பும் தகப்பனும், "மாமா மகன் ஜெயிச்சானே, நீ ஏன் ஜெயிக்கல?" என்று கேட்கும் தாயும் உண்டு. எதிரணியினர் இதை எடுத்துக்காட்டி, "குடும்பமே பாரம்" என்றார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் நோய் குடும்பத்தில் இல்லை, குடும்பம் பேசும் பேச்சில் இருக்கிறது. முதலிடத்துக்குக் கை தட்டினால் அது பந்தயம். முயற்சிக்குக் கை தட்டினால் அது பாசம். கடைசியாக வருகிற பிள்ளைக்கும் "வந்துட்டியாப்பா, இந்தா தண்ணி குடி" என்று சொல்லும் ஒரு குரல் போதும். அந்தப் பிள்ளை அடுத்த வருடமும் ஓடும்.

பிரவுன்லீ சகோதரர்களைப் பாருங்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துப் பிள்ளைகள். அண்ணன் அலிஸ்டர் 2012, 2016 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் டிரையத்லான் தங்கம் வென்றவர். 2016 ஜூனில் சொந்த ஊரான லீட்ஸிலேயே உலகப் போட்டி நடந்தது. ஊரே தெருவில் திரண்டு நிற்க, அண்ணன் முதலாவது, தம்பி ஜானி இரண்டாவது. அதே ஆண்டு செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமேல் போட்டியில், முன்னணியில் ஓடிய தம்பி எல்லைக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது வெயிலில் மயங்கித் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் தன் வெற்றி வாய்ப்பை விட்டுவிட்டுத் தம்பியின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். கோட்டருகே வந்ததும் தம்பியை முன்னே தள்ளிவிட்டுத் தான் பின்னே வந்தார். அந்தப் பந்தயத்தில் வென்றவர் வேறொருவர். ஆனால், உலகம் இன்றும் நினைத்துப் பார்ப்பது அண்ணனின் தோளைத்தான். (கைதட்டல்)

அமெரிக்காவின் டிக் ஹோய்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகன் ரிக்கைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு 1977-ல் முதன்முதலாக ஓடினார். பிறகு டிரையத்லானிலும் இறங்கினார். நீச்சலில் மகனை ரப்பர் படகில் வைத்து இழுத்தார், சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து ஓட்டினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட போட்டிகளில் இருவரும் சேர்ந்தே பங்கேற்றார்கள். தந்தை 2021-லும் மகன் 2023-லும் மறைந்தார்கள். எந்தப் பயிற்சிக்கூடம் இப்படி ஒரு பயிற்சி கொடுக்கும்?

கம்போங் ராஜாவில் முடியாதா?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நமக்கும் கதை உண்டு. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய எம். இராஜாமணி, 1966-ல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை ஆனார். அதே 1966-ல் பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார் டாக்டர் எம். ஜெகதீசன். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ப் பெண் ஓடினாள். இன்றோ, வயதுக்கு வந்த மகளை "கால்சட்டை போட்டுக்கிட்டு ரோட்டுல ஓடாதே" என்று நிறுத்துகிற வீடுகள் இருக்கின்றன. பள்ளிக் குறுக்கோட்டத்தில் முதலாவதாக வந்த பெண் பிள்ளை பதினான்கு வயதில் ஓட்டத்தை விடுகிறாள் என்றால், அவளுக்குக் கால் வலிக்கவில்லை. வீட்டில் யாரோ வாய் திறந்திருக்கிறார்கள்.

கம்போங் ராஜாவில் கடல் இல்லை. ஆறுகள் தோட்டத்து மண்ணைச் சுமந்து கலங்கி ஓடுகின்றன. நீச்சலுக்கு ஏற்றதல்ல, உண்மைதான். நீச்சல் இல்லாத ஊருக்கு ஓட்டம், சைக்கிள், மீண்டும் ஓட்டம் என்ற டுவத்லான் இருக்கிறது. புத்ராஜெயாவில் ஆயிரக்கணக்கானோர் இந்தப் போட்டியில் ஓடியிருக்கிறார்கள். பல்லாயிரம் வெள்ளி சைக்கிள் தேவையில்லை. மார்க்கெட்டுக்குப் போகும் சைக்கிளுக்கு ஒரு பிரிவு வையுங்கள். காய்கறி லாரி ஓடும் பெரிய சாலை ஆபத்தானது. அதனால் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, உள்சாலையை ஒரு ஞாயிறு காலை மூன்று மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தலைக்கவசம் கட்டாயம். பனிமூட்டம் விலகிய பிறகே தொடக்கம். கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம் மூன்றும் கூடினால் போதும். ஊர் கூடித் தேர் இழுக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமா?

அந்தக் காலையை நினைத்துப் பாருங்கள். கம்பளிச் சட்டை போட்ட பாட்டி ஒருவர், தேயிலைச் செடி ஓரத்தில், பிளாஸ்கில் தேநீரோடு நிற்கிறார். பேரன் எத்தனையாவதாக வருகிறான் என்று அவருக்குத் தெரியாது. பின்னால் எத்தனை பேர் என்று எண்ணவும் மாட்டார். வளைவில் அவன் தலை தெரிந்ததும் "வா சாமி, வா!" என்று கூப்பிடுவார். அந்த மேடு, அவர் கூடையோடு ஏறிய அதே மேடு. அன்று அவருக்குக் கை தட்ட யாரும் இல்லை. இன்று அவர் தட்டுகிறார்.

பயிற்சியாளர் வாரத்தில் சில மணி நேரம் வருவார். போட்டி வருடத்தில் சில நாள் வரும். குடும்பம்தான் 365 நாளும் கூட இருக்கும். பயிற்சி காலை வளர்க்கும். அந்தக் கால் வாசல்படி தாண்டவேண்டுமானால் வீட்டின் சம்மதம் வேண்டும். ஆகவே, விளையாட்டு வீரரை உருவாக்குவது குடும்பமே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். அதைவிட முக்கியமாக, நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடுத்த விளையாட்டுப் போட்டி என்றைக்கு என்று இன்று இரவே கேளுங்கள். அன்று அரைநாள் லீவு போடுங்கள். போய் நில்லுங்கள்.