மாளிகைகளைப் பார்ப்போம், கட்டிய கைகளையும் பார்ப்போம்

(வலையபட்டியில் நடைபெற்ற வாலிபர் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



போன ஞாயிற்றுக்கிழமை நாம் நாற்பது பேர் பஸ் வைத்துக்கொண்டு கீழடிக்குப் போனோம். திரும்பி வரும் வழியில் செட்டிநாட்டு மாளிகை ஒன்றையும் பார்த்துவிட்டு வந்தோம். "கட்சிக்காரர்கள் அரசியல் வகுப்பு நடத்துவார்கள் என்று பார்த்தால் சுற்றுலா நடத்துகிறீர்களே!" என்று நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேலி செய்தார். இரண்டும் ஒன்றுதான் அண்ணே என்று அவரிடம் சொன்னேன். அது எப்படி என்பதை விளக்கத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பானை ஓட்டில் ஒரு பெயர்

கீழடியில் மத்திய தொல்லியல் துறை 2015-ம் ஆண்டில் அகழாய்வைத் தொடங்கியது. 2018-ம் ஆண்டு முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அதைத் தொடர்ந்து நடத்திவருகிறது. அங்கே கிடைத்த பொருள்களில் சில கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று மாநிலத் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 2023 மார்ச் 5-ம் தேதி அங்கே மியூசியம் திறக்கப்பட்டது. அந்தக் கட்டிடத்தை நம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே எழுப்பியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்து நீங்கள் எல்லோரும் மகிழ்ந்தீர்கள்.

உள்ளே என்ன பார்த்தோம்? ராஜாவின் கிரீடத்தையா பார்த்தோம்? இல்லை. நூல் நூற்ற தக்களி, செங்கல் சுவர், உறைகிணறு, விளையாட்டுக் காய், பாசிமணி, பானை ஓடு ஆகியவற்றைப் பார்த்தோம். எல்லாம் உழைத்துப் பிழைத்த ஜனங்களின் சாமான்கள். ஓட்டிலே ஆதன் என்றும் குவிரன் என்றும் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கும் முன்னே ஒரு மனிதன் தன் பானையில் பெயரைக் கீறி வைத்தான். இன்று நாம் அந்தப் பெயரைச் சொல்கிறோம். நம்மோடு வந்த ஒரு சகோதரி, "என் பெயர் நான் போடும் கையெழுத்தோடு சரி, வேறு எங்கே நிற்கப்போகிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை மறக்காதீர்கள். அதற்கு மறுபடியும் வருகிறேன்.

கண்ணாடிக்கு ஊர் உண்டு, கொத்தனாருக்கு இல்லையா?

அடுத்து மாளிகைக்குப் போனோம். கட்டணம் கட்டி உள்ளே நுழைந்தோம். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. சுற்றிக்காட்டியவர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது என்றார். எல்லாம் சரிதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் கொத்தனார் என்ற வார்த்தை அவர் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. கண்ணாடி பிறந்த ஊர் தெரிகிறது. சுவரை எழுப்பியவனின் ஊர் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

என் அப்பத்தா சிறு பிள்ளையாக இருந்தபோது இப்படியொரு வீட்டு வேலைக்குச் சுண்ணாம்பு அரைத்தவர். கடுக்காய்த் தண்ணீர் விட்டு, முட்டை வெள்ளைக் கருவைச் சேர்த்து, வெண்ணெய் போல அரைக்க வேண்டும். பல பூச்சுப் பூசி, கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அதனால்தான் எண்பது, தொண்ணூறு ஆண்டு ஆகியும் அந்தச் சுவர் முகம் பார்க்கிற மாதிரி மின்னுகிறது. "கூடை கூடையாய் முட்டை வரும், உடைத்துச் சுவருக்குக் கொடுத்தோம், வீட்டுக்கு ஒன்று கொண்டுபோக முடியாது, தோட்டை எண்ணி வாங்குவார்கள்" என்று அப்பத்தா சொல்வார். சாகிற வரைக்கும் அவருடைய உள்ளங்கைத் தோல் வெந்துபோன மாதிரியே இருந்தது. அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அன்று அந்தச் சுவரைத் தொட்டபோது எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

தேக்கோடு வந்த சரித்திரம்

பணம் எங்கிருந்து வந்தது? நகரத்தார் கடல் கடந்து பர்மா, மலேயா, இலங்கை நாடுகளில் லேவாதேவி நடத்தினார்கள். அவர்களும் குடும்பத்தைப் பிரிந்து, ஆண்டுக்கணக்கில் பெட்டியடியில் உட்கார்ந்து கஷ்டப்பட்டவர்கள்தான். அதை மறுக்க வேண்டாம். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். தென் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் 100-க்கு 6 பங்கு செட்டியார் கடைகளிடம் இருந்தது. 1938-ல் அது 25 பங்காகிவிட்டது. இடையில் நடந்தது என்ன? உலகப் பொருளாதார நெருக்கடி வந்து நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாமல் பர்மா விவசாயி நிலத்தை இழந்தான். மூலதனத்தின் விதி அப்படி. ஆள் நல்லவனா கெட்டவனா என்று அது பார்ப்பதில்லை.

1942-ல் ஜப்பான் படை வந்தது. தமிழ்க் கூலிகளும் கடைக்காரர்களும் ஆயிரக்கணக்கில் காடு மலை தாண்டி நடந்தார்கள். வழியிலே மாண்டவர்கள் ஏராளம். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை தேசிய உடைமையாக்கச் சட்டம் போட்டது. இங்கே பெரிய வீடுகளில் பூட்டுத் தொங்க ஆரம்பித்தது.

அந்தப் பணத்தில் கல்வி வளர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. அழகப்பர் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது; 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். இதே மண்ணில், சிராவயல் ஆசிரமத்தில், ஜீவாவை 1927-ல் காந்தியடிகள் வந்து சந்தித்தார். செட்டிநாட்டுச் சரித்திரம் என்றால் இத்தனையும் சேர்ந்ததுதான்.

அமெரிக்காவில் ஒரு தோட்டம்

அமெரிக்காவின் தென்பகுதியில் லூசியானா என்றொரு மாநிலம். கரும்புத் தோட்ட முதலாளிகளின் வெள்ளை மாளிகைகளைப் பார்க்க அங்கே ஜனங்கள் போவது வழக்கம். நாற்காலியையும் சரவிளக்கையும் காட்டுவார்கள். கரும்பு வெட்டிய கறுப்பு அடிமையைப் பற்றிய பேச்சு குறைவு. 2014-ல் விட்னி தோட்டம் என்ற இடத்தை அடிமைகளின் கதையைச் சொல்வதற்கென்றே திறந்தார்கள். அடிமைகளின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்தார்கள். பக்கத்திலுள்ள அலபாமா மாநிலத்தில், மான்ட்கோமரி நகரில், வெறியர் கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பு மக்களுக்கு 2018-ல் நினைவிடம் எழுப்பினார்கள். 4,400-க்கும் அதிகமானவர்களின் நினைவைத் தாங்கி இரும்புத் தூண்கள் தொங்குகின்றன. கொலை நடந்த இடங்களின் மண்ணையே ஜாடிகளில் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நம் கூலியாளும் அந்த அடிமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அந்தக் கொடுமைக்கு ஈடில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். மாளிகையைக் காட்டினால் மட்டும் போதாது. அதைத் தாங்கிய தோளையும் காட்டியாக வேண்டும்.

இடிக்கவா, காக்கவா?

பஸ்ஸில் ஒரு தம்பி கேட்டான்: "அந்த வீடு இடிந்தால் நமக்கென்ன அண்ணே? இடிக்கிற வேலையாவது கிடைக்கும்." நியாயமான கேள்வி. இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளை இடித்துத் தூணையும் கதவையும் நிலையையும் லாரியில் ஏற்றிப் பழம்பொருள் கடைக்கு அனுப்பியாகிவிட்டது. தம்பியும் அந்த வேலைக்குப் போனவன்தான். பசித்தவனிடம் கலையைப் பேச நான் வரவில்லை.

ஆனால் யோசித்துப் பார், தம்பி. இடிக்கிற கூலி பத்து நாள். பழுது பார்க்கிற வேலை பத்துத் தலைமுறைக்கு. பழைய சுண்ணாம்புப் பூச்சுத் தெரிந்த கொத்தனார் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயம் ஊற்றி, கையாலேயே கல் செய்கிறார்களே, அது இன்றும் சோறு போடுகிற தொழில். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இந்த வீடுகளைக் காக்கும் வேலை வந்தால் அது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நியாயமான கூலியோடு வர வேண்டும். அதற்குப் பயிற்சி கொடு என்று அரசாங்கத்தைக் கேட்போம்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த வீட்டுப் பத்திரத்தில் என் அப்பத்தா பெயர் இல்லை. ஆனால் அந்தச் சுவரில் அவர் உழைப்பு இருக்கிறது. சுவரை இடித்தால் அவர் விட்டுப்போன ஒரே அடையாளமும் போய்விடும்.

ஆகவே மூன்று காரியங்கள். முதலாவது, எண்பது வயது தாண்டியவர்களிடம் உட்கார்ந்து, இங்கே யார் கல் சுமந்தார்கள், யார் மரம் இழைத்தார்கள் என்று பெயரோடு நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது, வீட்டில் மூலையில் கிடக்கும் கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, இழைப்புளி ஆகியவற்றைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். நம் படிப்பகத்தில் ஒரு அலமாரி ஒதுக்குவோம். மூன்றாவது, வீடுகளைச் சுற்றிக்காட்டும் நண்பர்களிடம் அந்த நோட்டைக் கொடுத்து, இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று பணிவாகக் கேட்போம்.

பெயர் எங்கே நிற்கப்போகிறது என்று கேட்டாரே அந்தச் சகோதரி, அவருக்கு இதுதான் என் பதில். ஆதன் தன் பெயரைத் தானே கீறிவைத்தான். நம் முன்னோர் பெயரை நாம்தான் எழுதியாக வேண்டும். முதல் பக்கத்தில் என் அப்பத்தா பெயரை நான் எழுதுகிறேன்; அடுத்த பக்கத்தை நீங்கள் எழுதுங்கள்.