தலை எண்ணிப் போவோம், தலை எண்ணி வருவோம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



விடுமுறைக்கு எல்லோரும் சேர்ந்து தாண்டிக்குடிப் பக்கம் போவதாக முடிவாகியிருக்கிறது. மகிழ்ச்சி. ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்து மலைதானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, பாறை. 2022 ஆகஸ்டில் புல்லாவெளி அருவியில் ஓர் இளைஞர் போட்டோவுக்காகப் பாறை விளிம்பில் நின்று, வழுக்கி விழுந்து இறந்தார். அந்த வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். பாசிப் பாறை காய்ந்தது போலத் தெரிந்தாலும் வழுக்கும். தடுப்பைத் தாண்டாதீர்கள்.

இரண்டு, காட்டாறு. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே பெய்த மழை திடீரென வெள்ளமாக வந்துவிடும். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், உடனே கரையேறுங்கள். செருப்பு, பை போனால் போகட்டும். குழந்தைகள் கையெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.

மூன்று, குப்பை. குடகனாற்றுத் தண்ணீர் ஆத்தூர் காமராஜர் அணைக்கு வருகிறது. திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் அணை அது. அங்கே வீசும் ஷாம்பு பாக்கெட் நம் குடத்துக்குத்தான் வரும். கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவருவோம்.

வேனில் ஏறும்போது தலை எண்ணுவோம். வீட்டு வாசலில் இறங்கும்போதும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும்.