சொத்து முகவரும் அவரது அறிமுகக் குறிப்பும்

(நம் சங்க இளையர்களுக்கான தொழில் வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





சொத்து முகவர் தொழிலுக்குப் புதிதாக வரும் நம் இளையர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் உதவி ஒன்று உண்டு. "அண்ணே, என்னைப் பற்றி ஓர் அறிமுகக் குறிப்பு எழுதித் தாருங்கள்" என்பார்கள். நூறு சொற்களில் முடிந்துவிடும் வேலைதான். ஆனாலும் இத்தொழிலில் இருக்கும் நாங்கள் அதைச் சின்ன வேலையாக நினைப்பதில்லை. முன்பின் அறியாத ஒரு குடும்பம் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறது.

சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த வீடுதான் வாழ்நாள் சேமிப்பு. மத்திய சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. அதை விற்றுத் தாருங்கள் என்று ஒருவர் நம்மிடம் ஒப்படைப்பது அமானிதம். அந்த அமானிதத்தின் முதல் வரி நம் அறிமுகக் குறிப்பு. அதில் பொய் கலந்தால் பின்னால் வரும் எதுவும் நிற்காது.

இங்கு இத்தொழில் வாய்ச்சொல்லில் மட்டும் நடப்பதில்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சொத்து முகவை மன்றம் முகவர்களைப் பதிவு செய்கிறது. ஒவ்வொருவருக்கும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் உண்டு. மன்றத்தின் பொதுப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து, நம் பெயரையும், எந்த நிறுவனத்தின்கீழ் இருக்கிறோம் என்பதையும், முடித்துக்கொடுத்த பரிவர்த்தனைகளையும் பார்க்கலாம். "நூற்றுக்கணக்கான வீடுகளை விற்றவர்" என்று எழுதிவிட்டு, பதிவேட்டில் ஏழு மட்டும் இருந்தால் என்ன ஆகும்? வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த முகவரை அழைத்துவிடுவார்.

ஆகவே முதலில் எழுத வேண்டியவை: பதிவிலுள்ள பெயர், பதிவு எண், நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும், மன்றத்தில் பதிவு செய்த தொலைபேசி எண். புகைப்படம் அண்மையில் எடுத்ததாக இருக்கட்டும்.

அடுத்து, பட்டங்கள். "முன்னணி முகவர்", "சாதனையாளர்", "நம்பர் ஒன்" போன்ற சொற்களை எல்லாரும் போட்டுக்கொள்வதால் அவற்றுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. விருது வாங்கியிருந்தால், எந்த ஆண்டு, யார் கொடுத்தது, எதற்காக என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அதைச் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அந்த இடத்தில் உங்களுக்குத் தெரிந்த வேலையை எழுதுங்கள். ஓர் எடுத்துக்காட்டு. 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் உள்ளது. ஒரு புளோக்கில் இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கான வரம்பு நிறைந்துவிட்டால், நம்மவர் அங்கே அதே பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்துதான் வாங்க முடியும். சீனர்களுக்கான வரம்பு நிறைந்த புளோக்கில் வீடு வைத்திருக்கும் நம்மவர், சீனர் ஒருவருக்கு விற்க முடியாது. அதனால் வாங்க வருவோர் குறைவார்கள், விற்க நாளாகும். இந்த விவரம் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. "வீடு பார்க்கப் போகும் முன்பே இன விகித வரம்பைச் சரிபார்த்துச் சொல்வேன்" என்ற ஒரு வரி, பத்துப் பட்டங்களைவிட நம் மக்களுக்குப் பயன்படும்.

இன்னொன்று. வீட்டை விற்கும்போது, அதற்காக எடுத்த மத்திய சேமநிதிப் பணத்தை வட்டியோடு சேர்த்து உரிமையாளரின் கணக்கிலேயே திரும்பச் செலுத்த வேண்டும். விற்பனை விலையைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு, கைக்கு வரும் ரொக்கத்தைப் பார்த்துத் திகைத்த பெரியவர்கள் நம் சமூகத்தில் உண்டு. "விற்க முடிவெடுக்கும் முன்பே, கடனும் சேமநிதியும் போகக் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுத் தருவேன்" என்று எழுதுங்கள். எழுதியபடி செய்யுங்கள்.

"எனக்கு அனுபவமே இல்லையே, எதை எழுதுவது?" என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இல்லாத அனுபவத்தை எழுத வேண்டாம். இருக்கும் வாழ்க்கையை எழுதுங்கள். உட்லண்ட்ஸில் பிறந்து வளர்ந்தவருக்கு, எந்தப் புளோக்கில் மாலை வெயில் சுள்ளென்று அடிக்கும், எந்தப் பள்ளிக்கு நடந்தே போகலாம் என்பது தெரியும். கணக்காளராக இருந்தவருக்குக் கடன் கணக்கு தெரியும். தந்தையின் மளிகைக் கடையில் நின்றவருக்கு வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசத் தெரியும். இவை எல்லாமே தகுதிகள்தாம்.

மொழியையும் மறக்காதீர்கள். "தமிழ், மலாய், ஆங்கிலம் பேசுவேன்" என்று எழுதினால், ஆங்கிலப் பத்திரங்களைக் கண்டு தயங்கும் நம் தாய்மார்களுக்கு அது ஆறுதல். ஆனால் "நம்மவர்களுக்கு மட்டும்" என்ற தொனி எங்கும் வேண்டாம். வாடகைக்கு வீடு தேடும்போது இனத்தைக் காட்டி மறுக்கப்படுவதன் வலி நமக்குத் தெரியும். அதை நாம் இன்னொருவருக்குச் செய்யலாகாது.

இவற்றையெல்லாம் சேர்த்தால் குறிப்பு இப்படி அமையும்: "உட்லண்ட்ஸ், செம்பவாங் வட்டாரங்களில் மறுவிற்பனை வீடுகளைக் கவனிக்கிறேன். இதற்கு முன் ஆறு ஆண்டுகள் கணக்குத் துறையில் பணியாற்றினேன். விற்பவருக்கு மிஞ்சும் தொகையையும் வாங்குபவரின் தகுதியையும் தொடக்கத்திலேயே எழுத்தில் தருவேன். ஒரே விற்பனையில் இரு தரப்புக்கும் முகவராக இருக்கமாட்டேன். வீட்டு விற்பனைப் பணத்தை என் கையில் வாங்கமாட்டேன். தமிழ், மலாய், ஆங்கிலம் பேசுவேன்." இதன் கடைசி இரண்டு உறுதிகளும் சட்டமே விதித்தவை. இருந்தாலும் எழுதுங்கள். பலருக்கு அவை தெரியாது, தெரிந்தால் ஏமாறமாட்டார்கள்.

சேஞ்ச் அலியில் பணமாற்று வணிகம் செய்த நம் முன்னோர் அறிமுகக் குறிப்பு எழுதியதில்லை. எண்ணிக் கொடுத்த பணம் சரியாக இருந்தது. அதுவே அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது. நமக்கோ எழுத வேண்டிய காலம். எழுதும் ஒவ்வொரு வரியையும், வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து "இதைக் காட்டுங்கள்" என்று கேட்டால் காட்ட முடியுமா என்று பார்த்து எழுதுவோம்.

நம் இளையர்களின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.