இருளில் கேட்கும் மொழி: அண்மைக்கால அறிவியல் புனைவுப் படங்களும் இருள் சூழ்ந்த தொலைக்காட்சி நாடகங்களும்



மொழிக்கென அமைந்த மேடையில் திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் பற்றிப் பேசலாமா என்னும் ஐயம் உங்களுள் சிலருக்கு எழக்கூடும். எனக்கும் அது எழுந்தது. அதைப் போக்கியவள் என் மாணவி ஒருத்தி. வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சியின்போது, அண்மையில் பார்த்து மனத்தைத் தொட்ட படைப்பொன்றைப் பற்றிக் கூறுமாறு அவளைக் கேட்டேன். குடும்பப் படம் ஒன்றைப் பற்றி ஐந்து வாக்கியங்களை ஒப்புவித்துவிட்டு எழுந்தாள். வகுப்புக்கு வெளியே தோழியிடம், நள்ளிரவுவரை விழித்திருந்து பார்த்த வேறொரு தொடரைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே சென்றாள். அந்தக் குரலில் அச்சமும் கோபமும் இருந்தன. மறுநாள், அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று வினவினேன். “அதையெல்லாம் தமிழில் சொல்லலாமா, சார்?” என்று திருப்பிக் கேட்டாள்.

அந்த வினாவே இவ்வுரைக்குக் காரணம். நம் மாணவர்கள் தம் அச்சங்களைத் தமிழ் வகுப்பின் வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறார்கள். அவ்வாறு வரும் மாணவரிடம் தமிழ் தேர்வுக்குரிய மொழியாக மட்டுமே தங்கும். ஆகவே, அவர்கள் பார்க்கும் படைப்புகளுள் நான்கினை எடுத்துக்கொண்டு என் கருத்துகளை முன்வைக்க விழைகிறேன். இந்நான்கிலும் நான் காணும் பொதுப்பொருள் ஒன்றுண்டு. வேற்றுலக உயிரியோ பொறியோ கொலைகாரனோ இவற்றின் உண்மையான அச்சம் அன்று. எதிரே நிற்பவரின் மொழி நமக்கு விளங்காமற்போவதே இவற்றின் அச்சம்.

வந்திறங்கியவர்களின் எழுத்து

முதலாவது, டெனி வில்நெவ் இயக்கி 2016ஆம் ஆண்டு வெளிவந்த ‘அரைவல்’ திரைப்படம். டெட் சியாங் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட குறுநாவல் அதற்கு மூலம். உலகின் பன்னிரண்டு இடங்களில் வேற்றுலகக் கலங்கள் வந்து நிற்கின்றன. அவற்றுக்குள் இருப்போருடன் பேச அழைக்கப்படுபவர் லூயிஸ் பேங்க்ஸ் என்னும் மொழியியல் பேராசிரியர். போர்த்தளபதிகள் நிறைந்த கூடாரத்தில் ஒரு மொழியாசிரியரை நாயகியாக நிறுத்திய துணிவுக்காகவே இப்படத்தை நாம் பாராட்டலாம்.

இப்படத்தில் வகுப்பறைக்கு உகந்த காட்சி ஒன்று உண்டு. வந்தவர்களின் நோக்கம் என்ன என்று உடனே கேட்டுவிட வேண்டும் என்கிறார் படை அதிகாரி. லூயிஸ் அந்தச் சிறு வினாவைப் பலகையில் எழுதி, அதைக் கேட்பதற்கு முன் எத்தனை செய்திகளைக் கற்பிக்க வேண்டும் என்று விளக்குகிறார். வினா என்பது என்னவென்று அவர்கள் அறிந்திருக்க வேண்டும். கேட்கப்படுவது எதிரே நிற்கும் ஒருவரின் நோக்கமா, வந்த அனைவரின் நோக்கமா என்பது தெளிவாக வேண்டும். ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் அங்கே ஒருமை, பன்மை காட்டாது. தமிழில் ‘உன்’, ‘உங்கள்’ என்று இரண்டு உள்ளன என நாம் மகிழலாம். ஆயினும் நம் ‘உங்கள்’ ஒருவருக்குரிய மதிப்பையும் பலரையும் ஒருங்கே குறிக்கும். ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாடோ ஆங்கிலத்தில் இல்லை. கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறோமா, விலக்குகிறோமா என்று ஒரே சொல்லில் உணர்த்தும் மொழி நம்முடையது. இலக்கணப் பாடத்தை இதனினும் சுவையாகத் தொடங்க இயலுமா?

அதே படத்தில், வேற்றுலகத்தவர் வரைந்த ஒரு குறியை ‘ஆயுதம்’ என்று பொருள்கொண்டு நாடுகள் போருக்கு ஆயத்தமாகின்றன. அது ‘கருவி’யாகவும் இருக்கலாம் என்கிறார் லூயிஸ். கலப்பையை ‘உழுபடை’ என்றும் வாளைப் ‘படைக்கருவி’ என்றும் சொல்லும் தமிழர்க்கு இந்தத் தடுமாற்றம் எளிதில் விளங்கும். சீனக் குழுவினர் மாஜோங் விளையாட்டின் வழியாகப் பேசக் கற்பிப்பதாக அறிந்து அவர் கவலையுறும் இடமும் சிந்தனைக்குரியது. விளையாட்டே மொழியானால் ஒவ்வோர் உரையாடலும் வெற்றி தோல்வியாக முடியும். போட்டிகளின் வழியாகவே தமிழை வளர்க்க முனையும் நமக்கும் அக்கவலை சற்று வேண்டும்.

படத்தில் எனக்கு உடன்பாடில்லாததும் உண்டு. ஒரு மொழியைக் கற்றதாலேயே காலத்தைக் கடந்து காணும் ஆற்றல் லூயிசுக்கு வாய்க்கிறது. மொழி சிந்தனையை ஓரளவு வழிநடத்தும் என்பதை மொழியியலாளர் பலர் ஏற்பர். இவ்வளவு தூரம் செல்ல ஏற்கமாட்டார்கள். இதை அறிவியலாக அன்றிப் புனைவாகவே மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும்.

மதிப்பெண்ணாக மாறிய சொல்

இரண்டாவது, சார்லி புரூக்கர் உருவாக்கிய ‘பிளாக் மிரர்’. 2011இல் பிரிட்டனில் தொடங்கிய இத்தொடரில் ஒவ்வொரு கதையும் தனித்து நிற்பது. அவற்றுள் 2016இல் வந்த ‘நோஸ்டைவ்’ என்னும் கதையில், மனிதர்கள் ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் கைப்பேசியால் ஒருவர்க்கொருவர் ஐந்துக்கு இத்தனை என்று புள்ளியிடுகிறார்கள். புள்ளி குறைந்தால் நல்ல வீடு கிடையாது. விமானத்தில் இடமும் கிடையாது. லேசி என்னும் பெண் புள்ளிகளுக்காகவே சிரிக்கிறாள். கண்ணாடி முன் நின்று சிரிப்பைப் பயில்கிறாள். எல்லாரும் இனிமையாகப் பேசும் அவ்வுலகில் எவர் சொல்லுக்கும் பொருளில்லை.

அனைத்தையும் இழந்து சிறைக்கூண்டில் அடைக்கப்பட்டபின், எதிர்க்கூண்டிலுள்ள மனிதரும் அவளும் ஒருவரையொருவர் உரக்க ஏசிக்கொள்கிறார்கள். ஏச ஏச இருவர் முகமும் மலர்கிறது. வசைச்சொற்களை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால், அஞ்சாமல் பேசும் உரிமை திரும்பிய மகிழ்ச்சி அது என்பதை உணர்கிறேன். தவறாகிவிடுமோ என்று அஞ்சி, மனப்பாடம் செய்த வாக்கியங்களை மட்டும் ஒப்புவித்த என் மாணவியை அக்காட்சி எனக்கு நினைவூட்டியது.

3.6 என்னும் எண்

மூன்றாவது படைப்பு புனைவுலகைச் சார்ந்ததன்று. கிரேக் மேசின் எழுதி 2019இல் ஐந்து பகுதிகளாக வெளிவந்த ‘செர்னோபில்’ நாடகம், 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் நிகழ்ந்த அணுவுலை விபத்தைச் சொல்கிறது. அதில் அடிக்கடி ஒலிக்கும் எண் 3.6. மணிக்கு 3.6 ராண்ட்ஜன் கதிரியக்கம் என்று ஊழியர்கள் அறிவிக்கிறார்கள். கவலைப்பட ஏதுமில்லை என்று மேலதிகாரிகள் அமைதியடைகிறார்கள். ஆனால், அந்த எண் கதிரியக்கத்தின் அளவன்று. கையிலிருந்த அளவுமானி காட்டக்கூடிய உச்ச வரம்பு. மானியின் முள் அதற்குமேல் செல்ல வழியில்லாமையால் அங்கே நின்றது. உண்மையளவு அதனினும் பல்லாயிரம் மடங்கு மிகுதி. அருகிலிருந்த பிரிப்பியாத் நகர மக்கள் ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்தே வெளியேற்றப்பட்டார்கள். அப்போதும் இது தற்காலிக ஏற்பாடு என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

மொழி இங்கே திரையாகப் பயன்படுகிறது. நாடகத்தின் இருள் நம்மை வருத்துவதற்குக் காரணம் வெடிப்பன்று. ஒவ்வொருவரும் தமக்கு மேலுள்ளவர் விரும்பும் சொல்லையே தேடுவதுதான். ஆயினும் ஆசிரியர் இரண்டு செய்திகளை மாணவர்க்குச் சொல்லியாக வேண்டும். உலானா கோம்யுக் என்னும் பெண் அறிவியலாளர், பலரின் பணியை ஒருவராக்கிப் படைக்கப்பட்ட கற்பனைப் பாத்திரம். இறுதிப் பகுதியில் வலேரி லெகாசோவ் நீதிமன்றத்தில் நின்று பேசுகிறார். உண்மையில் அவர் அவ்விசாரணையில் கலந்துகொள்ளவில்லை. பொய்யின் விலையைப் பேசும் நாடகத்தில் புனைவு எங்கே தொடங்குகிறது என்று கேட்பது மாணவர்க்கு நல்ல பயிற்சி.

அருகிலிருந்தும் விளங்காத மொழி

நான்காவது, 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த ‘அடோலசன்ஸ்’. நான்கே பகுதிகள்; ஒவ்வொன்றும் வெட்டின்றி ஒரே தொடர்காட்சியாகப் படமாக்கப்பட்டது. உடன்பயிலும் மாணவியைக் கொன்றதாகப் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கைதுசெய்யப்படுகிறான். என் மாணவி வாயிலுக்கு வெளியே பேசிச் சென்றது இதைப் பற்றித்தான்.

காவல் அதிகாரி பள்ளிக்கு விசாரிக்க வருகிறார். சமூக ஊடகத்தில் அந்தச் சிறுமி இட்ட எமோஜிக் குறிகளைப் பார்த்து, இருவரும் நண்பர்கள் என்றே அவர் எண்ணியிருக்கிறார். அப்பள்ளியிலேயே பயிலும் அவருடைய சொந்த மகன் அவரைத் தனியே அழைத்து, அக்குறிகள் ஏளனத்தைச் சுட்டுவன என்றும், இதயக் குறியின் நிறத்துக்கேற்பப் பொருள் மாறும் என்றும் கற்பிக்கிறான். தந்தை மாணவராகிறார், மகன் ஆசிரியராகிறான். வேற்றுலகத்தவரின் எழுத்தை ஒரு பேராசிரியர் படித்தறிந்த கதையை முன்னர்க் கண்டோம். இங்கே, ஒரே வீட்டில் உண்டு உறங்கும் பிள்ளையின் எழுத்து பெற்றோர்க்கு விளங்கவில்லை. மகன் அறைக்குள் கணினியோடு இருக்கிறான், ஆகவே பாதுகாப்பாக இருக்கிறான் என்று நம்பிய பெற்றோரின் துயரத்தோடு நாடகம் முடிகிறது.

இதன்மீது ஒரு குறையும் சொல்லலாம். கொல்லப்பட்ட கேட்டி என்னும் சிறுமியின் வீட்டுக்குள் நாடகம் நுழைவதில்லை. எல்லாரும் குற்றவாளியைத்தான் நினைவில் வைப்பார்கள் என்று கதைக்குள்ளேயே ஒரு பெண் காவலர் வருந்துகிறார். குறையை உணர்ந்திருப்பது வேறு, களைவது வேறு. கேட்டியின் குரல் கேட்கப்படாமலே போகிறது.

நாம் செய்யக்கூடியது

இருள் மிக்க படைப்புகள் அனைத்தும் நல்லவை என்று நான் கூற வரவில்லை. குருதியையும் மங்கிய ஒளியையும் அணிகலனாகச் சூடிக்கொண்டு, யாருடைய துயரையும் நம்மிடம் சேர்க்காத தொடர்கள் பல உள்ளன. சிங்கப்பூரில் 16, 18, 21 என்று வயது வரம்புகள் இருப்பதற்குப் பொருளுண்டு. அவற்றை ஆசிரியர் மதித்தே ஆகவேண்டும். வகுப்பில் இவற்றைத் திரையிடுங்கள் என்பதும் என் வேண்டுகோளன்று.

என் வேண்டுகோள் சிறியது. மாணவர் ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒன்றைத் தமிழில் சொல்ல இடங்கொடுங்கள். “இக்கதையில் யார் சொன்னது கேட்கப்படவில்லை? ஏன்?” என்று மட்டும் கேளுங்கள். சொல் கிடைக்காமல் அவர்கள் தடுமாறுவார்கள். ‘ஏளனம்’, ‘குற்றவுணர்வு’, ‘தனிமை’, ‘பழிவாங்கல்’ ஆகிய சொற்களை அந்த இடத்தில் எடுத்துக்கொடுங்கள். தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்த சொல்லை எவரும் மறப்பதில்லை. அவர்கள் காட்டும் குறிகளின் பொருளை நாமும் கேட்டுக் கற்றுக்கொள்வோம். அந்தக் காவல் அதிகாரியைப் போலக் காலந்தாழ்த்திக் கற்க வேண்டாம்.

என் மாணவிக்கு அன்று நான் சொன்ன விடை, “சொல்லலாம், அம்மா; உட்கார்” என்பதுதான். அவள் இருபது நிமிடம் பேசினாள். பிழைகள் நிறைய இருந்தன, நான் திருத்தவில்லை. இறுதியில், தன் தம்பியும் எந்நேரமும் அறைக்கதவை மூடிக்கொண்டே இருக்கிறான் என்று சொல்லி நிறுத்தினாள். அவள் அஞ்சியது எதற்காக என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.