பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கு உள்ள உரிமை டீச்சருக்கு இல்லையா?



செப்டம்பர் 5, ஆசிரியர் தினம் வந்தால் டீச்சருக்கு ரோஜாப்பூ கிடைக்கிறது, வாழ்த்து அட்டை கிடைக்கிறது. மைக் பிடிக்கிற ஒவ்வொருவரும் ஆசிரியர் பணி தெய்வீகப் பணி என்கிறார்கள். அந்த டீச்சரிடம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்கிறதா, பே ஸ்லிப் இருக்கிறதா, மே மாதச் சம்பளம் வந்து சேர்ந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த மேடை அதைக் கேட்பதற்காகவே போடப்பட்டது.

நாட்டின் உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்டில் இதைக் கேட்டுவிட்டது. குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்த உதவிப் பேராசிரியர்களுக்கு மாதம் 30,000 ரூபாய். பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை நடத்திய நிரந்தர ஆசிரியருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். நீதிபதிகள் நரசிம்மாவும் ஜாய்மால்ய பாக்சியும் மனம் நொந்து எழுதினார்கள்: விழா மேடையில் குருவைத் தெய்வமாகப் போற்றி சுலோகம் சொல்வது போதாது, உண்மையிலேயே அந்த மதிப்பு இருந்தால் ஆசிரியரை நடத்தும் விதத்தில் அது தெரிய வேண்டும் என்று.

ஆனால் இதே நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகள்தான் ஆசிரியரை இந்த நிலையில் விட்டன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஏ. சுந்தரம்பாள் என்ற பெயரை மும்பைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. கோவாவின் கரன்சாலெம் என்ற ஊரில் கன்னியர் சபை நடத்திய பள்ளி ஒன்றில் அவர் டீச்சராக இருந்தார். 1975 ஏப்ரலில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தொழில் தகராறுச் சட்டத்தின்படி நியாயம் கேட்டார். சமரசப் பேச்சு முறிந்தது. வழக்கைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்ப அரசு மறுத்தது. டீச்சர் 'தொழிலாளி' அல்லவே என்றது. அவர் விடவில்லை, பம்பாய் உயர் நீதிமன்றம் போனார். அங்கும் தோற்று உச்ச நீதிமன்றம் போனார். 1988 ஜூலையில் தீர்ப்பு வந்தது. கற்பிப்பது உன்னதமான பணி, ஆகவே ஆசிரியர் அந்தச் சட்டம் சொல்லும் தொழிலாளி ஆக மாட்டார் என்றது அது. பதின்மூன்று ஆண்டுகள் வழக்காடிய பெண்ணுக்குக் கிடைத்தது பாராட்டும் தோல்வியும்.

இதற்குப் பத்தாண்டு முன்னால், 1978இல், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு கல்வி நிலையமும் ஒரு 'தொழில்' என்று சொல்லியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளி ஒரு தொழிற்கூடம். அதன் பேருந்தை ஓட்டுபவர் தொழிலாளி. மணி அடிக்கும் பியூன் தொழிலாளி. வேலையை விட்டுத் துரத்தினால் அவர்கள் தொழில் தகராறு மன்றத்தின் கதவைத் தட்டலாம், தட்டவும் வேண்டும். அந்தக் கட்டடத்தில் எந்த வேலை நடப்பதற்காக பஸ் ஓடுகிறதோ, மணி அடிக்கிறதோ, அந்த வேலையைச் செய்யும் டீச்சருக்கு மட்டும் அந்தக் கதவு மூடியிருக்கிறது.

அத்தோடு நின்றதா? 1996இல் ஹரியானாவின் அங்கீகாரமற்ற பள்ளிகள் சங்கம் தொடுத்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்றாகிவிட்டது. ஆசிரியரின் வேலை தேர்ச்சி பெற்ற உழைப்பும் இல்லை, தேர்ச்சியற்ற உழைப்பும் இல்லை, உடலுழைப்பும் இல்லை, எழுத்தர் வேலையும் இல்லை என்பது காரணம். 2004இல் அகமதாபாத் ஆசிரியர் சங்க வழக்கில் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையும் கிடையாது என்றார்கள். வேலைப் பாதுகாப்பு போயிற்று, குறைந்தபட்சக் கூலி போயிற்று, பணிக்கொடை போயிற்று. ஒவ்வொரு முறையும் பணி உயர்ந்தது என்ற பேச்சு நடந்தது, உரிமை குறைந்தது.

மகாராஷ்டிரத்தில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மை. 1977ஆம் ஆண்டின் தனியார் பள்ளி ஊழியர் பணி நிபந்தனைச் சட்டம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற எந்தத் தனியார் பள்ளியானாலும், மானியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நிரந்தரக் காலியிடத்துக்கு முறைப்படி ஆள் எடுக்க வேண்டும். தகுதிகாண் காலம் இரண்டு ஆண்டு. அதைத் திருப்தியாக முடித்தவர் நிரந்தரமானவராகவே கருதப்படுவார். நீக்கினால் 30 நாளுக்குள் பள்ளித் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

அதனால்தான் அந்த இரண்டு ஆண்டு முழுதாக நிறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் கலை வளர்ந்திருக்கிறது! ஜூனில் ஆர்டர், ஏப்ரலில் 'ரிலீவ்', மறுபடி ஜூனில் புது ஆர்டர். பத்தாண்டு ஒரே வகுப்பில் நின்றவருக்குக் காகிதத்தில் ஓராண்டு அனுபவம்கூட முழுதாக இருக்காது. மே மாதம் வீட்டு வாடகை நிற்கிறதா? மளிகைக் கடைக்காரர் கணக்கை நிறுத்துகிறாரா? அங்கீகாரமே இல்லாத பள்ளியும் கோச்சிங் கிளாஸும் இந்தச் சட்டத்துக்கே வெளியே நிற்கின்றன. அங்கே வேலை செய்பவருக்கு வாய்வார்த்தைதான் ஆர்டர்.

தனியார் நிர்வாகத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. வழிகாட்டியதே அரசாங்கம். மகாராஷ்டிர அரசு 2000இல் 'சிக்ஷண் சேவக்' திட்டம் கொண்டுவந்தது. பயிற்சி முடித்த, தகுதி பெற்ற ஆசிரியர் முதல் மூன்று ஆண்டு மதிப்பூதியத்தில் வேலை பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் அன்று 3,000 ரூபாய். பிறகு 6,000. அதைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு 2023இல்தான் 16,000 ஆக்கினார்கள். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2012இல் 16,000 பேருக்கும் மேல் பகுதிநேர ஆசிரியர்களாக மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி சொல்லிக்கொடுத்தவர்கள். அவர்களுக்கு மே மாதச் சம்பளம் தரப்படவில்லை. ஊதியத்தைப் படிப்படியாக உயர்த்தினார்கள். அதற்கு அவர்கள் சென்னைத் தெருக்களில் எத்தனை முறை உட்கார வேண்டியிருந்தது என்பதைத் தமிழ்நாடே பார்த்தது.

இன்னொரு மோசடி இருக்கிறது, இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்ல அஞ்சுவார்கள். வங்கிக் கணக்கில் சட்டப்படியான சம்பளம் விழும். ஏ.டி.எம். கார்டு ஆபீஸ் டிராயரில் இருக்கும். அல்லது முதல் வாரத்திலேயே பாதியை எடுத்து ரொக்கமாகத் திருப்பித் தர வேண்டும். ஆய்வுக்கு வருபவருக்குக் காட்ட ஒரு கணக்கு, டீச்சர் வீட்டில் அடுப்பெரிய இன்னொரு கணக்கு. பி.எட். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் இந்த வகைதான். ஒரு பெண் தன் தாய் தகப்பன் வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்த படிப்பை அடகுக் கடையில் வைத்த நகைபோல் இன்னொருவர் பீரோவில் பூட்டிவைக்க யார் அதிகாரம் கொடுத்தது?

இப்படி இங்கே நசுங்கியவர்தான் கல்ஃப் விளம்பரத்தைப் பார்த்ததும் நிமிர்கிறார். இங்கிலீஷ் டீச்சர் தேவை, தங்குமிடம் இலவசம், விமான டிக்கெட் இலவசம். மும்பையில் ஒரு ஓட்டலில் இன்டர்வியூ. ஆஃபர் லெட்டரில் ஒரு தொகை. போய் இறங்கியதும் வேறொரு ஒப்பந்தம் நீட்டப்படுகிறது, தொகை வேறு, வகுப்புகள் கூடுதல், இரண்டு ஆண்டுக்கு முன்னால் விலகினால் அபராதம். விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

இதில் அரசின் ஓட்டை ஒன்று உண்டு. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, படிக்காத தொழிலாளி கல்ஃப் போவதற்குக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அந்த அலுவலகம் அவருடைய ஒப்பந்தத்தைப் பார்க்கிறது. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. படித்தவர் தன்னைத் தானே காத்துக்கொள்வார் என்ற நினைப்பு. விளைவு, எம்.ஏ. பி.எட். படித்தவரின் ஒப்பந்தத்தை ஒரு அதிகாரியும் புரட்டிப் பார்ப்பதில்லை.

ஆகவே மூன்று விஷயங்களை டீச்சர்களே தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். பாஸ்போர்ட் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய அரசின் சொத்து. எந்தப் பள்ளி முதலாளியும் அதைப் பிடித்து வைக்க உரிமையில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சட்டம் அங்கே இருக்கிறது. அதைக் கேட்கும் துணிச்சலை, திரும்பி வந்தால் இங்கே என்ன வேலை இருக்கிறது என்ற பயம் தின்றுவிடுகிறது.

இது ஏழை நாட்டுக்காரருக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கிலப் பேச்சுப் பள்ளி நிறுவனமான 'நோவா' 2007இல் திவாலானது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் சம்பளமில்லாமல் நின்றார்கள். அவர்கள் சம்பளத்தில் பிடித்த வீட்டு வாடகையை நிறுவனம் வீட்டுக்காரருக்குக் கட்டவில்லை என்பது அப்போதுதான் வெளிவந்தது. பலர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. தென்கொரியாவில் ஓராண்டு முடித்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் பணிமுடிவுத் தொகையாகத் தர வேண்டும். பதினோராவது மாதத்தில் வெளியே அனுப்பினால் அது மிச்சம்! அங்குள்ள தனியார் ஆங்கிலப் பயிற்சி நிலையங்களைப் பற்றி வெளிநாட்டு ஆசிரியர்கள் சொல்லும் பெரிய புகார்களில் இதுவும் ஒன்று. சியோலின் பதினோராவது மாதமும் மும்பையின் ஏப்ரல் மாதமும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டவை.

தோற்ற கதையை மட்டும் சொல்லிவிட்டு இறங்குவதற்காக இந்த மேடை இல்லை. 2004இல் பறிபோன கிராஜுவிட்டியை ஆசிரியர்கள் திரும்ப வாங்கினார்கள். நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியரையும் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லி, ஆறு வாரத்துக்குள் வட்டியோடு கொடுக்கச் சொன்னது. கணக்கு எளிது. கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 12,000 ரூபாயில் பத்து ஆண்டு வேலை பார்த்தவருக்கு 69,230 ரூபாய் வர வேண்டும். ஐந்து ஆண்டு முடித்து விலகிய எத்தனை டீச்சர்கள் தாராவியில் இதைக் கேட்காமலே வீட்டில் இருக்கிறார்கள்! இருபது பேர் வேலை செய்யும் பள்ளியென்றால் பி.எஃப். கட்ட வேண்டும், அதையும் கேளுங்கள்.

'தொழிலாளி' என்ற வரையறைக்குள் ஆசிரியரைக் கொண்டுவருவதும் நடக்காத காரியமல்ல. பத்திரிகையாளருக்கு 1955இல் தனிச் சட்டம் வந்தது. மருந்துக் கம்பெனி ரெப்புகள் போன்ற விற்பனை ஊழியருக்கு 1976இல் வந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இந்த இரு பிரிவினரையும் பெயர் சொல்லித் தொழிலாளி என்கிறது. அவர்கள் மூளையால் வேலை செய்பவர்கள் இல்லையா? அவர்களுக்குத் திறந்த வழி ஆசிரியருக்கு ஏன் திறக்கவில்லை? சுந்தரம்பாள் தீர்ப்பிலேயே நீதிபதிகள், நேர்மையற்ற நிர்வாகங்கள் ஆசிரியரைச் சுரண்டுவது தெரியும், அவர்களுக்குத் தக்க ஏற்பாடு வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். எழுதி முப்பத்தேழு ஆண்டு கழித்து வந்த புதுச் சட்டத் தொகுப்பிலும் 'ஆசிரியர்' என்ற அந்த ஒரு சொல் சேரவில்லை. வாக்குக் கேட்டு வரும் நாடாளுமன்ற உறுப்பினரிடம் சாலையும் தண்ணீரும் கேட்கிறோம். இதையும் கேட்க வேண்டும்.

பெற்றோர்களே, கடைசியாக உங்களுக்கு. பிள்ளை இங்கிலீஷ் பேச வேண்டும் என்றுதான் கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிறீர்கள். அந்த இங்கிலீஷைச் சொல்லிக்கொடுப்பவருக்கு அதில் எவ்வளவு போகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் 2011ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஃபீஸை உயர்த்த விரும்பும் பள்ளி, கல்வியாண்டு தொடங்க ஆறு மாதம் முன்பே தன் கணக்கு ஆவணங்களோடு பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தின் செயற்குழுவிடம் வர வேண்டும். அந்தக் குழுவில் உங்கள் ஆட்கள் உட்காருகிறார்கள். இந்த முறை ஃபீஸ் தாள் மேசைக்கு வரும்போது, கையெழுத்துப் போடும் முன், டீச்சர்களின் பன்னிரண்டு மாதச் சம்பளப் பட்டியலை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். மே மாதத்தின் கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.