சரித்திரமும் சிரிப்பும்
(காரைக்காலில் ஒரு பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



யுத்தத்தையும் சரித்திரத்தையும் பற்றிய நகைச்சுவை நாடகங்களைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி எனக்குக் கட்டளையாகியிருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன். பிறகு படித்ததெல்லாம் வாசகசாலையிலும் கடைத் திண்ணையிலுமாகத்தான். ஆனபடியால் நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு, மற்றதை இந்தப் பந்தலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நான் பையனாயிருந்தபோது பக்கத்துக் கிராமத்துத் திரௌபதையம்மன் கோயிலில் பாரதக் கூத்துப் பார்க்க என் பாட்டியோடு போனேன். பதினெட்டாம் நாள் சண்டை நடக்கிறது. துரியோதனன் தொடையைத் தட்டி வீரம் பேசுகிறான். அப்போது கட்டியக்காரன் குறுக்கே வந்து, "மகாராஜா! பதினெட்டு அக்குரோணி சேனையும் செத்துப்போச்சு. அத்தனை பேருக்கும் கூலி பாக்கி இருக்குமே, அதை யார் வீட்டில் போய் வாங்கிக்கொள்ளுவது?" என்று கேட்டான். கொட்டகை முழுதும் கொல்லென்று சிரித்தது. என் பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அவளுடைய தம்பி பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து, இந்தோசீனாவில் 1946 முதல் 1954 வரையில் நடந்த சண்டைக்குப் போனவன். திரும்பி வரவில்லை, ஒரு காகிதந்தான் வந்தது. வியட்நாம்காரன் அவனுக்கு என்ன பகை? வரப்புத் தகராறா, வாய்க்கால் தகராறா? ஒன்றுமில்லை. வீடு திரும்பும்போது பாட்டி, "அத்தனை வேஷத்திலும் அந்தக் கோமாளி ஒருத்தன்தாண்டா நியாயம் கேட்டான்" என்றாள். தோழர்களே, இன்று நான் சொல்ல வந்த விஷயம் இவ்வளவுதான். மேலே சொல்லுவதெல்லாம் அந்தக் கிழவி சொன்னதற்கு வியாக்கியானமேயாகும்.

முதலில் நம் ஊர்ச் சரித்திரத்தையே பாருங்கள். காரைக்கால் பிரெஞ்சுக்காரனுக்கு எப்படிப் போயிற்று? 1738இல் தஞ்சாவூர்ப் பட்டத்துக்குச் சண்டை. சாகுஜி என்பவர் புதுச்சேரி கவர்னர் தூமாவிடம், "எனக்கு உதவி செய், காரைக்காலைத் தருகிறேன்" என்று பேரம் பேசினார். நாற்காலி கிடைத்ததும் வாக்கை மறந்துவிட்டார். உடனே திருச்சிராப்பள்ளியிலிருந்த சந்தா சாகிப் தன் படையை அனுப்பி ஊரைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரனிடம் கொடுத்தார். 1739 பிப்ரவரியில் கொடி ஏறிற்று. அந்த வருஷமே சாகுஜியின் நாற்காலியும் போயிற்று. பிரதாபசிங் பட்டத்துக்கு வந்தார்.

சாகுஜி சும்மா இருந்தாரா? பத்து வருஷங் கழித்து, 1749இல், இங்கிலீஷ்காரனிடம் போய், "எனக்கு ராஜ்யத்தை வாங்கிக்கொடு, தேவிகோட்டையைத் தருகிறேன்" என்றார். இங்கிலீஷ்காரன் படையெடுத்துக் கொள்ளிடத்து முகத்துவாரத்திலிருந்த தேவிகோட்டையைப் பிடித்தான். பிடித்த பிறகு பிரதாபசிங்குடனேயே ராஜி பேசி, கோட்டையைத் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்டு, சாகுஜிக்கு ஏதோ ஒரு ஜீவனாம்சத்துக்கு ஏற்பாடு செய்து கைகழுவிவிட்டான். யாருக்காகப் படை புறப்பட்டதோ அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் லாபம்! இதைவிடப் பெரிய ஹாஸ்ய நாடகத்தை எந்தக் கவிராயர் எழுத முடியும்?

பிறகு காரைக்காலை இங்கிலீஷ்காரன் 1760இல் பிடித்தான், திருப்பிக் கொடுத்தான். 1778இல் பிடித்தான், திருப்பிக் கொடுத்தான். 1793இல் பிடித்தான், 1814ஆம் வருஷத்து உடன்படிக்கைப்படி மறுபடியும் கொடுத்தான். கடன் வாங்கிய மரக்கால்கூட இத்தனை தடவை வீடு மாறாது. இத்தனை கொடி மாற்றத்திலும் திருநள்ளாற்று உழவனையோ நிரவி உழவனையோ யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா? 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி கை மாறுவதற்கு முன் கீழூரில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அதிலும் சட்டசபைக்காரர்களும் முனிசிபல் கவுன்சிலர்களும்தான் வாக்களித்தார்கள். சட்டப்படி பத்திரம் முடிந்தது 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி. ஊரை விற்ற ராஜா பெயர் புஸ்தகத்தில் இருக்கிறது. வாங்கினவன் பெயரும் இருக்கிறது. மிதிபட்ட வயல் யாருடையது என்பது மட்டும் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஊரைப் பேரம் பேசிய அந்தத் தஞ்சாவூர் வமிசம் எது தெரியுமா? "இந்து சாம்ராஜ்யம் கண்டவர்" என்று கொண்டாடப்படுகிற சிவாஜியினுடைய தம்பி ஏகோஜியின் வமிசம்! அந்த ஏகோஜி தஞ்சாவூருக்கு எப்படி வந்தார்? பீஜப்பூர் சுல்தானுடைய தளபதியாக வந்தார். நாயக்கர் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம் வாங்கிக்கொடுக்க வந்தவர் பட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டார். பிறகு 1677இல் அண்ணன் சிவாஜி, கோல்கொண்டா சுல்தானிடம் பணமும் பீரங்கியும் வாங்கிக்கொண்டு தெற்கே வந்து, தகப்பன் சொத்தில் பங்கு கேட்டார். அண்ணனும் தம்பியும் கொள்ளிடக்கரையில் சந்தித்தார்கள். தம்பி இரவோடு இரவாக ஆற்றைத் தாண்டி ஓடினார். பிறகு இரண்டு பேர் படையும் வெட்டிக்கொண்டன. இதில் இந்து எங்கே, முஸ்லீம் எங்கே? பாகப் பிரிவினை வியாஜ்யந்தான் இருக்கிறது. நம் வீடுகளில் பாகத் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகிறோம்; ராஜா வீட்டில் வந்தால் ஊரான் பிள்ளைகளை வெட்டக் கொடுக்கிறார்கள். இதற்குச் சரித்திரமென்று பெயர்.

தோழர்களே! சிவாஜி வீரர் அல்ல என்று நான் சொல்ல வரவில்லை. மலைநாட்டுக் குடியானவர்களைச் சேர்த்துக்கொண்டு மொகலாயப் பேரரசையே திணற அடித்தவர். அப்படிப்பட்டவருக்கு வந்த கதியைப் பாருங்கள். கோட்டைகளைப் பிடித்தாயிற்று, கஜானா நிறைந்தாயிற்று, முடி சூட்டிக்கொள்ள வேண்டுமென்றபோது புரோகிதர்கள், "நீ க்ஷத்திரியன் அல்ல, சூத்திரனுக்குப் பட்டாபிஷேகம் சாஸ்திரத்தில் இல்லை" என்றார்கள். வாளுக்குப் பயப்படாதவர் வார்த்தைக்குப் பயந்தார். காசியிலிருந்து காகபட்டரை வரவழைத்தார்கள். போன்ஸ்லே குடும்பம் உதயப்பூர் சிசோதிய ராஜபுத்திரர் வழி என்று ஒரு வமிசாவளி ஏற்பட்டது. முன்னோர் செய்யாமல் விட்டதற்கெல்லாம் பிராயச்சித்தம் நடந்தது. நாற்பது வயது தாண்டியவருக்குப் பூணூல் கலியாணம் நடந்தது. எனக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். இந்த வயதில் மணையில் உட்கார்ந்தால் என் பிள்ளைகளே சிரிக்கும்! கட்டின மனைவிமாரையே மந்திரம் சொல்லி மறுபடியும் கட்டவைத்தார்கள். தராசில் உட்காரவைத்துத் தங்கத்துக்கு எடை போட்டார்கள். 1674 ஜூன் 6ஆம் தேதி ராய்கட் கோட்டையில் முடி ஏறிற்று.

அதோடு தீர்ந்ததா? சில நாளில் சிவாஜியின் தாயார் ஜீஜாபாய் இறந்துபோனார். உடனே தாந்திரீகர் ஒருவர், "முதல் பட்டாபிஷேகத்தில் முறை தவறிவிட்டது, என் முறைப்படி இன்னொன்று செய்ய வேண்டும்" என்றார். செப்டம்பர் 24ஆம் தேதி இரண்டாவது பட்டாபிஷேகமும் நடந்தது. ஒரு தலை, இரண்டு முடிசூட்டல், இரண்டு தட்சணை!

இந்த விஷயத்தைத்தான் அண்ணாதுரை அவர்கள் 1940களில் "சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்" என்று நாடகமாக எழுதினார். "சந்திரமோகன்" என்பதும் அதன் பெயர். காகபட்டர் வேஷத்தை அவரே போட்டார். சிவாஜி வேஷம் போட்டவர் வி. சி. கணேசன் என்ற இளைஞர். அந்த நடிப்பைப் பார்த்துப் பெரியார் அவரைச் "சிவாஜி" கணேசன் என்று அழைத்தார்; பிறகு அவர் 1952இல் "பராசக்தி"யில் வந்து உலகமறிந்த நடிகரானது உங்களுக்குத் தெரியும்.

அந்த நாடகத்தின் சாமர்த்தியம் எங்கே இருக்கிறதென்று யோசித்துப் பாருங்கள். சிவாஜியைக் கோமாளியாக்கி ஜனங்களைச் சிரிக்கவைப்பது சுலபம். அப்படிச் செய்திருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். அந்த நாடகத்தில் சிவாஜி கம்பீரமாகவே நின்றார். அவ்வளவு பெரிய வீரன் ஒரு பஞ்சாங்கத்துக்கு முன்னால் கைகட்டி நிற்கிறானே என்ற காட்சியில்தான் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் கோபம் வந்தது. "அவனுக்கே இந்தக் கதி என்றால், உழுகிற எனக்கு?" என்று பார்த்தவன் தன்னையே கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். நிரவியில் பள்ளிக்கூட வாத்தியாராக உத்தியோகம் தொடங்கிய நம் பாரதிதாசன் அவர்களும் 1934இல் "இரணியன் அல்லது இணையற்ற வீரன்" நாடகத்தில் இந்தக் காரியத்தையே வேறு வழியில் செய்தார். கதையில் அசுரன் என்று சபிக்கப்பட்டவனை வீரனாக நிறுத்திக் கதையையே திருப்பிப் போட்டார்.

சர்க்கார்களுக்கு இந்தச் சிரிப்பின் பலம் நன்றாகத் தெரியும். வேல்ஸ் இளவரசரை வீட்டுக்கு அழைத்து உபசரித்த ஒரு கனவானைக் கல்கத்தாவில் கேலி நாடகம் போட்டார்கள். இங்கிலீஷ் சர்க்கார் 1876இலேயே நாடகங்களுக்கென்று தனிச் சட்டம் செய்துவிட்டது. அந்நியன் போனபிறகும், எம். ஆர். ராதா அவர்கள் ராமாயண நாடகம் போட்டபோது, 1954இல் சென்னை சர்க்கார் புதிதாக ஒரு நாடகச் சட்டம் செய்தது. ஒரு கொட்டகையில் நாலு பேர் சிரித்தால் சாம்ராஜ்யம் ஆடுமென்றால், அது எந்தக் காலில் நிற்கிற சாம்ராஜ்யம்?

இது நம் நாட்டில் மட்டும் உள்ள சங்கதியல்ல. கிரேக்க தேசத்தில் ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் கிறிஸ்துவுக்கு முன் 431 முதல் 404 வரையில் இருபத்தேழு வருஷம் யுத்தம் நடந்தது. அந்த யுத்தம் நடக்கும்போதே, அந்த ஊர் அரங்கிலேயே, அரிஸ்டோபனீஸ் என்பவர் யுத்தத்தைக் கேலி செய்து நாடகம் போட்டார். ஒரு நாடகத்தில் ஒரு குடியானவன், "நீங்கள் சண்டை போடுங்கள், நான் என் குடும்பத்துக்கு மட்டும் சமாதானம் வாங்கிக்கொள்கிறேன்" என்று பகைவனோடு தனி உடன்படிக்கை செய்துகொள்கிறான். இன்னொன்றில் ஒரு கிழவன் சாணி வண்டின்மேல் ஏறி வானத்துக்குப் போய், குழியில் அடைபட்டுக் கிடந்த சமாதானத்தைக் கயிறு கட்டி இழுத்துக் கொண்டுவருகிறான். சமாதானம் வந்தவுடன் அரிவாள் செய்கிறவன் சந்தோஷப்படுகிறான். ஆயுத வியாபாரி தலையிலடித்துக்கொண்டு அழுகிறான். இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்திய நாடகம். நம் ஊர்க் கொல்லன் பட்டறையில் நடந்ததுபோல் இருக்கிறது!

சார்லி சாப்ளினும் ஹிட்லரும் 1889 ஏப்ரலில் நாலு நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள். மீசையும் ஒரே தினுசு. 1940இல் ஹிட்லர் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருக்கும்போது சாப்ளின் அந்த மீசையோடு "சர்வாதிகாரி" வேஷம் கட்டிப் படம் எடுத்தார். ஆனால் அவரே பிற்காலத்தில் தம் சரித்திரத்தை எழுதும்போது, ஜெர்மன் கைதி முகாம்களில் நடந்த கோரமெல்லாம் அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று எழுதினார். இது யோக்கியமான வார்த்தை. சிரிப்புக்கும் ஒரு எல்லை உண்டு. கொல்லச் சொன்னவனைப் பார்த்துச் சிரிக்கலாம். செத்தவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. என் பாட்டி அன்று அழுதது அந்த எல்லையில் நின்றுதான். நம்முடைய தோழர்கள் சிலர்கூட நாடகமென்று சொல்லிக்கொண்டு நொண்டியையும் செவிடனையும் விதவையையும் கேலி செய்து கைதட்டல் வாங்குகிறார்கள். இது வெட்கக்கேடு. கீழே கிடப்பவனை உதைப்பதற்கு நகைச்சுவை என்று பெயரில்லை.

கடைசியாக ஒன்று. "இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு?" என்று யாராவது கேட்கலாம். இன்று என்ன நடக்கிறது? ராஜராஜன் எங்கள் சாதி, எங்கள் சாதி என்று ஒவ்வொரு சாதிச் சங்கமும் சுவரொட்டி ஒட்டுகிறது. கையில் வாள், தலையில் கிரீடம், பக்கத்தில் சங்கத் தலைவர் படம்! அதைக் கிழித்தார்கள் என்று இரண்டு தெருப் பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள். சிவாஜிக்கு வமிசாவளி எழுத ஒரு காகபட்டர் காசியிலிருந்து வரவேண்டியிருந்தது. இன்றைக்குத் தெருவுக்குத் தெரு காகபட்டர்கள் முளைத்திருக்கிறார்கள், அதுவும் நம்மவர்களே! ராஜா வமிசம் என்று சொல்லிக்கொள்ளுகிற தோழனே, அந்த ராஜா காலத்தில் உன் பாட்டன் சிம்மாசனத்தில் இருந்தானா, சிவிகை தூக்கினானா? சிவிகை தூக்கினவன் பேரன் என்று சொல்லிக்கொள்ள உனக்கு ஏன் வெட்கம்? தூக்கவைத்தவன் அல்லவா வெட்கப்பட வேண்டும்?

ஆகையால் தோழர்களே, வாலிபர்கள் நாடகம் போட வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன். பெரிய சீனும் ஜரிகை உடையும் வேண்டாம். சாகுஜி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பெஞ்சும் ஒரு பெட்ரோமாக்ஸும் போதும். ராஜாவுக்கு ஒருவன், பிரெஞ்சுக்காரனுக்கு ஒருவன், இங்கிலீஷ்காரனுக்கு ஒருவன் வேஷம் கட்டுங்கள். வயல் மிதிபட்ட உழவனுக்கும் ஒரு வேஷம் கொடுங்கள். அவனைக் கடைசி வரையில் மேடையைவிட்டு இறக்காதீர்கள். நடுவே அந்தக் கட்டியக்காரனை நிறுத்துங்கள். அவன் ஒவ்வொரு காட்சியிலும் அந்த ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: "செத்தவனுடைய கூலி பாக்கி யார் வீட்டில் இருக்கிறது?"

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகின ஜனங்களை எந்த ராஜாவும், எந்தப் புரோகிதனும், எந்தத் தலைவனும் லேசில் சண்டைக்கு அழைத்துப் போக முடியாது. என் பாட்டியின் தம்பி காலத்தில் இங்கே அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை. உங்கள் தம்பிமார் காலத்திலாவது இருக்கட்டும்.